ஸ்கார்பியோவுக்கு என்ன வாங்குவது? – குடும்பக் குழு

கார்த்தி: சித்தப்பா, அப்பாவின் 2009 டீசல் ஸ்கார்பியோ வண்டியை சனிக்கிழமை சர்வீஸுக்கு விடுகிறோம். ஆயில், கூலன்ட் எல்லாம் நல்லதாக வாங்கி வரச் சொன்னார் மெக்கானிக். கடையில் கேட்டால் எல்லாமே நல்லது என்கிறார்கள்.

சித்தப்பா: வண்டியில் மேனுவல் இருக்கும். ஆயில் அட்டவணையைப் போட்டோ எடுத்துப் போடு.

கார்த்தி: (போட்டோ)

சித்தப்பா: சரி. என்ஜினுக்கு 15டபிள்யூ-40 ஆயில், அது ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண். கேனின் பின்பக்கம் ஏபிஐ சிஐ-4 என்ற தரக் குறி இருக்கிறதா பார். சி-யில் தொடங்கினால் டீசலுக்கு, எஸ்-ஸில் தொடங்கினால் பெட்ரோலுக்கு.

கவிதா: பிஎஸ்-6 (புதிய புகை விதிமுறை) வண்டிக்கான ஆயில் என்று விலை கூடிய ஒன்றைக் காட்டினார்களே, அது இன்னும் நல்லதில்லையா?

சித்தப்பா: அது புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, சாம்பல் குறைவாக வரும்படி செய்தது. நம் வண்டியில் டிபிஎஃப்பே கிடையாது. அந்தக் காசுக்கு ஒரிஜினல் டீசல் ஃபில்டர் வாங்கு. நம்முடையது காமன் ரெயில் என்ஜின், டீசலை மிக அதிக அழுத்தத்தில் செலுத்தும். தண்ணீரோ தூசியோ உள்ளே போனால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு வேட்டு வைத்துவிடும்.

மாமா: கார்த்தி, பச்சை கூலன்ட் பாதி கேன் என்னிடம் இருக்கிறது. எடுத்துக்கொள்.

கார்த்தி: ரேடியேட்டரில் இருப்பதும் பச்சைதான் மாமா.

சித்தப்பா: மச்சான், நிறத்தை நம்ப வேண்டாம். சாயம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறு வகை கலந்தால் துருவைத் தடுக்கும் சக்தி போய்விடும், சில சமயம் கூழாகித் திரண்டு அடைக்கும். மொத்தமாக வடித்து, அலசி, புதிதாக ஊற்றுவோம். கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர்வெல் தண்ணீர் சொட்டுக்கூட வேண்டாம்.

சித்தப்பா: இன்னொன்று. என்ஜின் சூட்டுக்கு ஏற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் ஹீட்டே ஆகாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் டீசலைக் குடிக்கும். சிக்கியிருந்தால் புதுசு போடு. ரேடியேட்டர் மூடியும் மாற்று.

மாமா: கியர்பாக்ஸ் ஆயிலையே பின் ஆக்சிலில் உள்ள கிரவுன் பல்சக்கரத்துக்கும் ஊற்றலாம்தானே?

சித்தப்பா: கூடாது. பின் ஆக்சிலுக்கு ஜிஎல்-5 தர ஆயில். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் அதுதான். ஜிஎல்-5இல் உள்ள கந்தகச் சேர்மானம் கியர் மாற்றும்போது பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கக்கூடும்.

கவிதா: கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது பிரேக் பெடல் வழக்கத்தைவிட உள்ளே போனதாக அப்பா சொன்னார்.

சித்தப்பா: இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? மற்றதெல்லாம் அப்புறம், முதல் வேலை பிரேக்தான்.

சித்தப்பா: பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் மிதித்துச் சூடேறி, உள்ளே ஆவியானால் பெடல் பொத்தென்று போய்விடும்.

கார்த்தி: மேலே டப்பாவில் ஊற்றி நிரப்பினால் போதாதா?

சித்தப்பா: போதாது. நாலு சக்கரத்திலும் பழையதை வெளியேற்றி, குழாயில் இருக்கும் காற்றையும் எடுக்க வேண்டும். சீல் உடைக்காத டின் வாங்கு. டாட் 5 கொடுத்தால் வேண்டாம், அது சிலிகான் வகை, இதோடு கலக்காது. மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், பேட் மூன்றையும் பார்க்கச் சொல். அதுவரை அண்ணன் வண்டியை மலைக்கு எடுக்கக் கூடாது.

அப்பா: படித்தேன். நாளைக் காலையிலேயே வண்டியை விட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலுக்கு பஸ்ஸில் போய்க்கொள்கிறோம்.