கதிருக்கு வயிற்றுவலி (தாராவி குடும்பக் குழு)

செல்வி: கதிருக்கு நேற்று இரவிலிருந்து வலது அடிவயிற்றில் வலி. காய்ச்சல் 102. குடல்வாலாக இருக்கும் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

முருகன்: அறுத்து எடுத்துவிடச் சொல். எனக்கும் அப்படித்தான் எடுத்தார்கள்.

சண்முகத்தாய்: எடுத்தது உனக்கு. அடகுக்குப் போனது என் சங்கிலி.

இசக்கி: அத்தை, இப்போது அந்தப் பேச்சு வேண்டாம்.

சண்முகத்தாய்: வேறு எப்போது பேச?

செல்வி: ஸ்கேனில் குடல்வால் நன்றாக இருக்கிறதாம். சிறுகுடல் முடிகிற இடத்தில்தான் வீக்கம், பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறது. யெர்சினியா என்ற கிருமியோ என்று சந்தேகப்படுகிறார்கள்.

முருகன்: யார் சீனியா? நம் கல்லிடைக்குறிச்சிச் சீனியா?

பொன்ராஜ்: சிரிக்காதே முருகா. 31 வருடம் பரிசோதனைக் கூடத்தில் நின்றவன் சொல்கிறேன். அலெக்சாந்தர் யெர்சின் 1894இல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தவர். 1896இல் அந்த பிளேக் நம் பம்பாய்க்கே வந்துவிட்டது. இந்த யெர்சினியா அவர் பெயரைத் தாங்கிய அதே வம்சம், ஆனால் பிளேக் இல்லை, வேறு கிருமி. குடல்வால் வலியைப் போலவே வேஷம் போடும். ஏமாந்து நல்ல குடல்வாலை அறுத்ததும் உண்டு. வேகாத பன்றிக்கறியில் வரும், காய்ச்சாத பாலிலும் வரும். பல கிருமிகள் குளிரில் முடங்கும். இது ஃபிரிட்ஜில் 4 டிகிரியிலும் பெருகும். மலப் பரிசோதனைச் சீட்டில் இதன் பெயரை எழுதச் சொல் செல்வி. தனியாகத் தேடாவிட்டால் மற்றவை வளர்ந்து இதை மறைத்துவிடும்.

இசக்கி: பெரியப்பா, பிளேக் என்பதை மட்டும் படித்துவிட்டு ஆச்சி அழுகிறாள்.

செல்வி: காய்ச்சாத பாலா? மாட்டுத் தபேலாவிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்தது யார்?

சண்முகத்தாய்: பச்சைப்பால் உடம்புக்கு நல்லது. நானும்தான் குடித்தேன், எனக்கு என்ன வந்தது?

செல்வி: வாளி இன்னும் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது, மூடியில் ஆடை ஒட்டிக்கொண்டு.

பொன்ராஜ்: குடித்து எத்தனை நாள்?

செல்வி: ஐந்து.

பொன்ராஜ்: 4 முதல் 7 நாளில் தெரியும். கணக்கு ஒத்துவருகிறது. ஆனாலும் பால்தான் என்று இப்போதே சொல்ல முடியாது.

சண்முகத்தாய்: கேட்டுக்கொள் செல்வி.

பொன்ராஜ்: மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

இசக்கி: வெள்ளிக்கிழமை ஊர்க் கோயில் கொடைக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் 9 டிக்கெட் இருக்கிறது. ரத்து செய்யவா?

முருகன்: ஐயோ, இப்போதுதான் உறுதியானது.

செல்வி: பெரும்பாலும் தானாக அடங்கிவிடுமாம். மூன்று வாரம் இழுத்தாலும் இழுக்குமாம். இரண்டு நாள் பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

முருகன்: அப்படியானால் 7 டிக்கெட் போதுமா?

சண்முகத்தாய்: நான் வரவில்லை.

இசக்கி: 7ஆ, 6ஆ?

செல்வி: கதிர் ரசம் கேட்கிறான்.

சண்முகத்தாய்: அடுப்பில் இருக்கிறது. எந்த மாடி?