பழைய ஸ்டெட்சன் தொப்பி, டேக்ல 7 1/8, ஆனா தலையில இறங்க மாட்டேங்குது. ஹெல்ப் ப்ளீஸ்

கோடைமழை:
ஃபிலடெல்ஃபியா பக்கத்துல ஒரு ஆன்டிக் கடையில பழைய ஸ்டெட்சன் ஃபெடோரா ஒண்ணு வாங்கினேன், ப்ரௌன் கலர், ஃபெல்ட் நல்லாத்தான் இருக்கு பூச்சி எதுவும் அரிக்கல. உள்ள லெதர் பட்டைக்குப் பின்னாடி குட்டி பேப்பர் டேக்ல 7 1/8னு போட்டிருக்கு, சார்ட்ல பாத்தா 57 செமீ, என் தலையும் அளந்தா அதே 57. ஆனா போட்டா நெத்தியில சிவப்பா கோடு விழுது, கொஞ்ச நேரத்துல தலைவலி. அந்தக் காலத்து சைஸ் கணக்கே வேறயா? கெட்டில் ஆவியில காட்டி இழுத்துடலாமா?

பழசுப்பெட்டி:
ஆவி இப்போ வேணாம். கணக்கு மாறல. சுத்தளவை இஞ்ச்ல எடுத்து 3.14ஆல வகுத்தா வர்றதுதான் அமெரிக்க சைஸ், 57 செமீன்னா 22.4 இஞ்ச், வகுத்தா 7.14, அதான் அந்த ஏழே அரைக்கால். பிரிட்டிஷ் தொப்பின்னாதான் குழப்பம், அதே தலைக்கு அங்க வெறும் 7. இத்தாலி பொர்சலீனோ கம்பெனி தொப்பியில நேரா 57னே போட்டுடுவான், புண்ணியவான்.

ஆனா டேக்ல இருக்கிறது ஃபேக்டரிய விட்டுக் கிளம்பினப்போ இருந்த சைஸ். மழையில நனைஞ்சு பரண்ல காஞ்சு ஃபெல்ட்டும் சுருங்கும் லெதரும் சுருங்கும். டேப்பை உள்ள விட்டு பட்டைய ஒட்டி அளந்து பாருங்க. பட்டைய வெளிய மடக்கியும் பாருங்க, முன்னாடி வெச்சிருந்தவருக்கு லூசா இருந்திருந்தா நியூஸ்பேப்பர மடிச்சு சொருகியிருப்பார்.

ராத்திரிஷிஃப்ட்:
நல்லவேளை 7 1/2 வாங்கல, ஏழரைய காசு குடுத்து தலையில ஏத்தின கதையாயிருக்கும் 😂

பட்டைய மடக்குறப்போ தொப்பித் தொழிலாளர் யூனியன் லேபிள் இருக்கான்னு பாருங்க ப்ரோ. யுனைடெட் ஹேட்டர்ஸ் ஆஃப் நார்த் அமெரிக்கான்னு மட்டும் இருந்தா 1934க்கு முந்தினது. கேப் அண்ட் மில்லினரி வொர்க்கர்ஸ்னு சேர்ந்து இருந்தா அதுக்கு அப்புறம், அந்த வருஷம்தான் ரெண்டு யூனியனும் ஒண்ணா சேர்ந்துச்சு.

கோடைமழை:
பேப்பர் இருந்துச்சுங்க!! நாலா மடிச்சு, பழுப்பேறி, தொட்டாலே உதிருது, ஃபர்னிச்சர் விளம்பரம் பாதி தெரியுது. இருக்கும்போது உள்ளளவு 55.5, எடுத்ததும் 56.5. லேபிள்ல கேப் அண்ட் மில்லினரி இருக்கு. இன்னும் ரெண்டு டவுட், பட்டைக்குப் பின்பக்கம் குட்டியா ஒரு ரிப்பன் முடிச்சு (bow) இருக்கு, அது எதுக்கு? லைனிங் நடுவுல முத்திரை மேல மஞ்சளான பிளாஸ்டிக் ஒண்ணு இருக்கு, அத பிச்சுடவா?

பழசுப்பெட்டி:
ஐயோ பிச்சுடாதீங்க, அது தலை எண்ணெய் பட்டு முத்திரை அழியாம இருக்கப் போட்டது. அந்தக் காலத்துல அமெரிக்க ஆம்பளைங்க தலையிலயும் நம்மாளுங்க மாதிரி எண்ணெய் வழியும். அந்த ரிப்பன் முடிச்சு இருக்கிற பக்கம்தான் தொப்பியோட பின்பக்கம், அவ்வளவுதான் இப்போ அதுக்கு வேலை. முன்ன பட்டைக்குள்ள நாடா கோத்து இழுத்து சைஸ் டைட் பண்ணுவாங்க, அந்த முடிச்சுதான் அலங்காரமா நின்னுபோச்சுன்னு சொல்லுவாங்க.

மிச்சம் அரை செமீதானே, மரத்துல ஹேட் ஸ்ட்ரெட்சர் கிடைக்கும், லேசா பிடிக்கிற அளவுக்கு மட்டும் திருகி ராத்திரி பூரா விடுங்க, காலையில இன்னும் கால் திருகு. ஒரேயடியா திருகினா பழைய லெதர் தையல்லயே கிழியும்.

ராத்திரிஷிஃப்ட்:
ஆவி ஏன் வேணாம்னு நானும் சொல்றேன். சூடான ஆவி பட்டா லெதர் அப்பளமா சுருண்டுக்கும், அப்புறம் பட்டையவே மாத்தணும். இன்னொண்ணு, அங்க ஃபெல்ட்டுக்கு முயல் ரோமத்த பாதரச நைட்ரேட்லதான் பதப்படுத்தினாங்க, கனெக்டிகட் டான்பரி ஊர்ல தொழிலாளிங்களுக்கு கை நடுக்கம் வந்ததுக்கு அதான் காரணம், 1941 டிசம்பர்லதான் தடை வந்துச்சு. உங்க லேபிள் 1934க்கு அப்புறம்னு மட்டும்தான் சொல்லுது, தடைக்கு நடுவுல ஏழு வருஷம் இருக்கு, அப்போ செஞ்சதுன்னா பாதரசம் இருக்கலாம். அதனால கிச்சன்ல சூடு பண்ற வேலையே வேணாம், தொட்டா கை கழுவுங்க, சின்னப் பசங்க தலையில மாட்டி போட்டோ எடுக்காதீங்க. அந்தப் பேப்பரையும் வீசிடாதீங்க, தேதி இருக்கிற மூலை தப்பிச்சிருந்தா எந்த வருஷம் வரைக்கும் போட்டிருந்தாங்கன்னு ஒரு க்ளூ கிடைக்கும்.

கோடைமழை:
தேதி இல்ல, சோஃபா விலைதான் இருக்கு 😅 ஸ்ட்ரெட்சர் ஆர்டர் போட்டாச்சு.