எங்கள் கடையில் கென் போட்டது கறுப்புச் சட்டை

காவிரிக்கரையான்:

1995, 96 வாக்கில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் வீடியோ கேம் கடை இருந்தது. ஜெராக்ஸ் கடையின் பின்கட்டுதான். வாசலில் அழுக்குத் திரை, உள்ளே நான்கு பெட்டிகள், ஆட்டத்துக்கு ஒரு ரூபாய். நான் ஏழாம் வகுப்பு. பள்ளி விட்டு ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ் ஏற வேண்டியவன், பஸ் காசைப் பெட்டியில் போட்டுவிட்டு காவிரிப் பாலத்தில் நடந்து போவேன். மாம்பழச் சாலை தாண்டும்போதே என்ன பொய் சொல்வது என்று முடிவாகியிருக்கும்.

அந்த ஒரு ரூபாய் எனக்கு இரண்டு நிமிடம் தாங்கும். மீதி ஒரு மணி நேரம் அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் நிற்பதுதான். இதைச் சொல்ல வெட்கமில்லை, நான் விளையாடியதை விடப் பார்த்ததுதான் அதிகம். முஸ்தபாவை எட்டாவது ஸ்டேஜ் வரை எனக்குத் தெரியும், ஆனால் என் கையால் இரண்டாவது ஸ்டேஜைத் தாண்டியதில்லை. அந்த கேமின் உண்மைப் பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்', 1993-இல் கேப்காம் வெளியிட்டது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ் என்று நான்கு பேரில் யாரையும் எடுக்கலாம். எங்கள் கடையில் முஸ்தபாவுக்குத்தான் அடிதடி. ஓடிவந்து பறந்து உதைப்பான். அதனால் கேமுக்கே அவன் பெயர்.

அங்கே ஓர் அண்ணன் வருவார். ஒர்க்‌ஷாப்பில் வேலை, கையெல்லாம் கிரீஸ். ஒருநாள் அவரோடு சேர்ந்து ஆட என்னைக் கூப்பிட்டார். டிரம்மை உடைத்தால் உள்ளிருந்து சாப்பாடு வரும், அதை எடுத்தால் லைஃப் ஏறும். யார் எடுப்பது என்பதில்தான் நட்பு உடையும். அவர் லைஃப் பாதிக்குக் கீழே இருந்தது. "தம்பி, நீ சாகப்போற, எடுத்துக்க" என்றார். எடுத்தேன். அரை நிமிடத்தில் செத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சட்டைப் பையிலிருந்து இன்னொரு ரூபாயை எடுத்து என் பக்கம் போட்டார்.

சரி, கதைக்கு வருகிறேன். அடுத்த பெட்டி ஸ்ட்ரீட் ஃபைட்டர், ஆளுக்கு ஆள் மோதும் சண்டை கேம். ரியூ, கென், தால்சிம் எல்லாம் அதில் சண்டை போடும் ஆட்கள். அது கள்ளப் போர்டு, அதாவது கேம் ஓடும் சர்க்யூட் போர்டின் திருட்டு நகல். ரியூ அந்தரத்தில் நின்று நெருப்புப் பந்து விடுவான், ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் சண்டைக்கு நடுவிலேயே ஆள் மாறிவிடும். தால்சிம் நம்ம நாட்டு ஆள் என்று பாசத்தில் எடுத்து எடுத்துத் தோற்றவர்கள் சங்கம் வைத்தால் நான்தான் தலைவர். அந்தப் பெட்டியில் ரியூவின் உடை பச்சையும் நீலமும் கலந்த நிறம், கென்னுக்குக் கறுப்பு. தில்லைநகரிலிருந்து வந்த வகுப்புத் தோழன் ஒருவன், கென் சட்டை சிவப்பு என்றான். பந்தயம் இரண்டு பரோட்டா. நேரே கடைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கறுப்பு. வாயை மூடிக்கொண்டு வாங்கிக் கொடுத்தான்.

இப்போது எந்தப் படத்தைப் பார்த்தாலும் கென் சிவப்பில்தான் இருக்கிறான். கள்ளப் போர்டில் நிறத்தையும் மாற்றிவிட்டார்கள் போல.

உக்கடம்வாசி:

எங்கள் பக்கம் காசு போடும் பெட்டி குறைவு, டிவி கேம் கடைதான். மணிக்குப் பத்து ரூபாய். கேசட் மேல் ஆயிரக்கணக்கில் கேம் என்று அச்சடித்திருக்கும், உள்ளே போனால் இருபது கேம் திரும்பத் திரும்ப வரும். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதிப் போடுவோம். ஊதினால் எச்சில்தான் உள்ளே போகும் என்று இப்போது சொல்கிறார்கள். அன்றைக்கு வேலை செய்ததே!

கரண்ட் போனால் அந்த நேரம் கணக்கில் சேருமா சேராதா என்பது தினசரி வழக்கு. கடைக்கார அக்கா மட்டும் நியாயமானவர், கரண்ட் போன நிமிடத்தைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிடுவார். கான்ட்ரா என்ற கேமில் முப்பது உயிர் வாங்க அமுக்க வேண்டிய வரிசை: மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. வாய்ப்பாடு பதினாறு இன்றைக்கும் தடுமாறும், இது தடுமாறாது. வாத்து சுடும் கேமின் துப்பாக்கியைப் பழைய ஞாபகத்தில் வாங்கி வீட்டு எல்.இ.டி. டிவியில் செருகிப் பார்த்தேன், ஒரு வாத்தும் விழவில்லை. பழைய பிக்சர் டியூப் டிவிக்குத்தான் அது சரிப்படுமாம்.

பழைய மெக்கானிக்:

காவிரிக்கரையான் தம்பி, உங்கள் போர்டு கள்ளப் போர்டாக இருக்கலாம், ஆனால் சட்டை விஷயத்தில் அதன்மேல் பழி வேண்டாம். பத்து வருடம் இந்தப் பெட்டிகளைப் பழுது பார்த்தவன் சொல்கிறேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் போர்டிலிருந்து மானிட்டருக்குத் தனித்தனிக் கம்பியில் போகும். சிவப்பு மட்டும் அறுந்தால் ரியூவின் வெள்ளை உடை பச்சைநீலமாகும், கென்னின் சிவப்புச் சட்டை கறுப்பாகும். நீங்கள் சொன்ன இரண்டும் அதுதான். போர்டின் ஓரத்தில் 56 பின் கனெக்டர் ஒன்று உண்டு. பையன்கள் தோற்ற கோபத்தில் பெட்டியை உதைப்பார்கள், அதில் ஒரு பின் லூசாகும், அழுக்கும் ஏறும். பல நேரம் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினாலே நிறம் வந்துவிடும். ஆட்டம் ஓடுகிறது, காசு விழுகிறது, எதற்குச் செலவு என்று உங்கள் கடைக்காரர் விட்டிருப்பார். எல்லாக் கடையிலும் அதே கதைதான்.

காவிரிக்கரையான்:

ஐயா, இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இது தெரியாமல் இருந்திருக்கிறேன்! அந்தப் பெட்டியை உதைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தோழன் இப்போது துபாயில். நீங்கள் எழுதியதை அப்படியே அனுப்பினேன். "அன்னைக்கே சொன்னேன்ல" என்று ஒரு வரி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "ரெண்டு பரோட்டா மட்டும் இல்ல, நீ ஒரு ஆஃப்பாயிலும் சொன்ன."