பிஎச் ஊட்டியில் 8.0, கோவையில் 7.6. ட்ரிஸ் பஃபரில் நான் செய்த தப்பு என்ன?

குன்னூர்க்காரி:
தேயிலைக் கொழுந்தில் டிஎன்ஏ எடுக்கும் ப்ராஜெக்ட். போன வாரம் காலை ஏழரைக்கு ஊட்டி லேபில் 1 மோலார் ட்ரிஸ் (பிஎச்சை, அதாவது அமில-காரத் தன்மையை, நிலையா வைக்கும் பஃபர் கரைசல்) 100 மில்லி கலக்கினேன். 12.11 கிராம் நிறுத்து, 80 மில்லி தண்ணீரில் கரைத்து, ஹெச்சிஎல் ஆசிட் விட்டு, ஆறவைத்து, பிஎச் மீட்டரில் 8.0 வந்ததும் 100க்கு ஏற்றினேன். அறையில் 12 டிகிரி, விரல் மரத்துப்போச்சு. பாட்டிலோடு பஸ் ஏறி மேட்டுப்பாளையம் வழியாகக் கோவையில் ஒரு லேபில் கொடுத்தால், அங்கே 7.6 காட்டுகிறது! "பஃபர்கூடக் கலக்க வராதா"ன்னு எல்லார் முன்னாலும் கேட்டுட்டாங்க. எங்க மீட்டரில் டெம்பரேச்சர் கம்பென்சேஷன் (வெப்பநிலைக்கு ஏற்ற திருத்தம்) ஆன்லதான் இருந்தது.

பிப்பெட் அண்ணன்:
மீட்டரை பிஎச் 7 பஃபரில் மட்டும் கேலிபிரேட் (அளவு சரிபார்ப்பு) பண்ணியிருப்பீங்க. 10லயும் வைக்கணும். மீட்டரோட எலக்ட்ரோடு பழசா?

பழைய லேப்காரர்:
எலக்ட்ரோடைத் திட்டாதீங்க தம்பி. அம்மாடி, உன் தப்பு இல்லை, குளிரோட வேலை. ஒரு டிகிரி ஏறினால் ட்ரிஸ்ஸோட பிஎச் சுமார் 0.028 இறங்கும். அன்னைக்குக் கோவையில் 27 இருந்திருக்கும். 15 டிகிரிக்கு 0.42. உன் 8.0இல் கழிச்சுப் பார், 7.58. கணக்கு அப்படியே உட்காருது.

கம்பென்சேஷன் எலக்ட்ரோடைத்தான் சரிபண்ணும். 25 டிகிரியில் ஒரு பிஎச்சுக்கு 59 மில்லிவோல்ட், 12இல் 56.6. அந்த வித்தியாசத்தை மீட்டர் பார்த்துக்கும். ட்ரிஸ் நிஜமாவே மாறுறதை அது எப்படித் திருத்தும்? கேலிபிரேஷன் பஃபரும் குளிரில் நகரும். 7.00 பாட்டில் 10 டிகிரியில் 7.06 ஆகும், அட்டவணை லேபிளிலேயே அச்சடிச்சிருப்பாங்க. யார் படிக்கிறா!

நான் மலையில் வேலை பார்த்த காலத்தில் பீக்கரை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தி, தெர்மாமீட்டர் 25 காட்டின பிறகுதான் கடைசிச் சொட்டு விடுவேன். தொட்டி இல்லையா, 12 டிகிரியிலேயே 8.36க்கு நிறுத்து, 25க்கு வந்ததும் 8.0 ஆயிடும். ஆசிட் விட்டதும் பீக்கர் சூடாகும், அப்போ ரீடிங் குறைச்சலாத் தெரியும். நீ ஆறவைச்சது நல்ல காரியம்.

பிப்பெட் அண்ணன்:
அப்போ பேசாம பாஸ்பேட் போடுங்க, அது டிகிரிக்கு 0.003கூட நகராது.

பழைய லேப்காரர்:
டிஎன்ஏ ரெசிப்பியில் ட்ரிஸ்னு இருந்தா ட்ரிஸ்தான். அதோட, 0.5 மோலார் டைசோடியம் பாஸ்பேட்டை ஊட்டியில் ராத்திரி வெச்சுப் பாருங்க, காலையில் அடியில் கல்கண்டு கட்டியிருக்கும்!

குன்னூர்க்காரி:
இப்போதான் உயிர் வந்தது ஐயா. கோவை பாட்டிலைக் கொட்டிடவா? செல்லை உடைக்க வெச்சிருக்கிற சிடிஏபி பஃபர்கூடக் காலையில் வெள்ளையாக் கெட்டியாகுது, அதுவும் கெட்டுப்போச்சா?

பழைய லேப்காரர்:
கொட்டாதே. 1 மோலார் ட்ரிஸ் பேஸ் (ஆசிட் சேர்க்காத ட்ரிஸ்) கொஞ்சம் கரைச்சு, 25 டிகிரியில் 8.0 வர்ற வரைக்கும் விடு. மோலாரிட்டி மாறாது, சோடியம் ஹைட்ராக்சைடு விட்டா சேர்ற சோடியமும் சேராது. சிடிஏபி குளிரில் உறையறதுதான், வெந்நீரில் வைச்சு மெதுவாச் சுழற்றினா தெளிஞ்சிடும். 10 சதவீத எஸ்டிஎஸ் (சோப்பு மாதிரிப் பொருள்) கரைசலும் இதே கதைதான்.

குன்னூர்க்காரி:
பேஸ் விட்டு 8.0க்குக் கொண்டுவந்துட்டேன். லேபிளில் பக்கத்திலேயே "25 டிகிரியில்"னு சிவப்பு மையில் எழுதியாச்சு. சிடிஏபி பாட்டில் இப்போ ஹீட்டர் பக்கத்தில் குளிர் காயுது.