முன்னிடைச்சொல்லா, முன்னுருபா, வேற்றுமைச்சொல்லா?

அன்புடையீர்,

ஆங்கிலம் கற்போருக்கான பயிற்சி நூலொன்றைத் தமிழ் விளக்கத்துடன் எழுதி முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். இன், ஆன், அட் முதலியவற்றை ஓரியலில் ‘முன்னிடைச்சொல்’ என்றும் மற்றோரியலில் ‘முன்னுருபு’ என்றும் எழுதியிருப்பதை மெய்ப்புப் பார்க்கும்போதுதான் கண்டேன். எதைக் கொள்வது? ‘பிரிபோசிஷன்’ என்றே விட்டுவிடலாமா?

மறுமொழி

ஐயா, வணக்கம். இரண்டிலுமே ‘முன்’ என்பதுதான் எனக்கு இடறுகிறது. “உயிர்முன் கசதப மிகும்” என்று நன்னூலார் சொல்லும்போது, உயிரீற்றை அடுத்து ஒலிக்கும் வல்லினத்தையே குறிக்கிறார். அங்கே ‘முன்’ என்பது இடம்பற்றியது, அதாவது நிலைமொழிக்கு, அதாவது முதலில் நிற்கும் சொல்லுக்கு, எதிரே வந்து நிற்பது. நாம் சொல்லும் முன்னுருபிலோ அது காலம்பற்றியது, பெயருக்கு முந்தி ஒலிப்பது. ஒரே மரபுக்குள் ஒரு சொல்லை எதிரெதிர்ப் பொருளில் ஆள்வது முறையன்று. ஆங்கிலத்திலும் இச்சொற்கள் எப்போதும் பெயருக்கு முந்தி வருவதில்லை. ‘வாட் ஆர் யூ லுக்கிங் அட்’ என்னும் வினாவில் அட் ஈற்றில் நிற்கிறது. இப்படி முடிப்பதை ஆங்கிலக் கவிஞர் டிரைடன் 1672இல் குறையாகச் சுட்டினார். ஆயினும் அம்மொழியினர் இன்றளவும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

ஆகவே நிற்குமிடத்தை விட்டு, செய்யும் தொழிலால் ‘வேற்றுமைச்சொல்’ என்று பெயரிடலாம். கத்தியால் வெட்டினான், நண்பனோடு வந்தான் என்னும் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் வித் ஒன்றே போதும். நம் இலக்கணமும் ஆல், ஓடு இரண்டையும் மூன்றாம் வேற்றுமையிலேயே வைக்கிறது. இந்த ஒப்புமையை மாணவருக்குக் காட்டாமல் விடலாமா?

மறுமொழி

ஒப்புமை அழகானதுதான், ஆனால் மாணவர் இடறுவது ஒப்புமை இல்லாத இடங்களில். நாம் ‘இல்’ என்று முடித்துவிடும் இடத்தில் ஆங்கிலம் இன், ஆன், அட் மூன்றையும் பிரித்துக் கேட்கிறது. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று நாம் சொல்வதாலேயே ‘டிஸ்கஸ் அபவுட்’ என்ற பிழை வருகிறது. வேற்றுமைச்சொல் என்று பெயரிட்டால், உருபுக்கு உருபு நேர் என்ற எண்ணம் வலுத்து இத்தகைய பிழைகள் பெருகும். தவிர, கீழே என்னும் பொருளுடைய அண்டர் எந்த வேற்றுமைக்கு உருபு?

மறுமொழி

ஏழாம் வேற்றுமைக்கு. தொல்காப்பியர் வேற்றுமையியலில் கண், கால், புறம், அகம், உள், உழை, கீழ், மேல் என்று அடுக்கும் பட்டியலில் கீழும் இருக்கிறது, முன்னும் இருக்கிறது. இன், ஆன், அட் மூன்றும் அந்த ஒரு வேற்றுமைக்குள் பிரிவன என்று தொடங்கினால், வேறுபாட்டைச் சொல்லித்தரவும் இடம் கிடைக்கும்.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால், அகராதிகளில் பழகிய முன்னிடைச்சொல்லுக்கே ஆதரவு மிகுதி. அதையே நூல் முழுவதும் வைக்கிறேன். வித் பற்றிய பத்தியை மூன்றாம் வேற்றுமையோடு சேர்த்துத் திருத்தி எழுதிவிட்டேன்.

மறுமொழி

பத்தி சேர்ந்ததில் மகிழ்ச்சி. ‘முன்’ பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது. அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.