பொருள்: ஸ்மக்லிங், டிராஃபிக்கிங் - இரண்டுக்கும் 'ஆட்கடத்தல்'தானா?

ம.:
கடற்சட்டப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். நாடு தாண்டிய குற்றக் கும்பல்களுக்கு எதிரான 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இவற்றுக்குத் தனித்தனி நெறிமுறைகள் (இணைப்பு ஒப்பந்தங்கள்). காசு வாங்கிக்கொண்டு ஆளைத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டவைப்பது ஸ்மக்லிங். மிரட்டியோ ஏமாற்றியோ கொண்டுபோய்ச் சுரண்டுவது டிராஃபிக்கிங். நாளிதழில் இரண்டும் 'ஆட்கடத்தல்'. பணம் கேட்டுத் தூக்கிப்போவதும் அதேதான்!

இ.:
கட தன்வினை, கடத்து பிறவினை. கடக்கவைப்பது ஸ்மக்லிங்குக்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் 'கடத்துதல்' என்று எழுதுங்கள். 'கடத்தல்' என்றால் தானே கடப்பதும் ஆகும். நெறிமுறையின்படி, கடத்தப்பட்டதற்காக மட்டும் பயணியைக் குற்றவாளியாக்க முடியாது. கடவு, கடவுச்சீட்டு, கடல் எல்லாம் இதே வேர்தான் என்பேன். கடவுளையும் சேர்ப்பவர்கள் உண்டு. டிராஃபிக்கிங்குக்கு 'ஆள்வாணிகம்'. 'வாணிகம் செய்வார்க்கு' என்பது குறள்.

செ.:
ஐயா, கடவுளை விடுங்கள். மீன்பிடிக் கப்பலில் வேலை என்று ஏற்றி, கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, சம்பளம் தராமல் மாதக்கணக்கில் கரையையே காட்டுவதில்லை. இதில் விற்றவர் யார், வாங்கியவர் யார்? 'அடிமைப்படுத்தல்' என்போம்.

வ.:
கூடவே கூடாது. பெருங்கடலில் அயல்நாட்டுக் கப்பலில் ஏறிச் சோதிக்கப் போர்க்கப்பலுக்கு உள்ள காரணங்களில் அடிமை வணிகத்தைச் சொல்கிறது 1982 கடற்சட்ட உடன்படிக்கையின் 110-ஆம் பிரிவு. டிராஃபிக்கிங் என்ற பெயர் அதில் இல்லை. அதுவும் அடங்குமா என்று வாதம் நடக்கிறது. ஸ்மக்லிங் சந்தேகமென்றால் கொடிநாட்டின் (கப்பல் பதிவான நாட்டின்) அனுமதி வேண்டும். (கொடியே இல்லாத படகு வேறு கதை.) 'அடிமை' என்று எழுதி அந்த வாதத்துக்குத் தீர்ப்புச் சொல்வது மொழிபெயர்ப்பாளர் வேலையா?

செ.:
அப்போ 'ஆட்சுரண்டல்'?

இ.:
புணர்ச்சி சரி. படிப்பவர் ஆட்சியைச் சுரண்டுவதாக நினைப்பார்.

க.:
கப்பலில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று. ஒரே படகில் இரண்டும் நடக்கும். சம்மதித்து ஏறியவரிடம் நடுக்கடலில் கூடுதல் பணம் கேட்டு, இல்லையென்றால் இறங்கிய இடத்தில் கொத்தடிமையாகத் தள்ளிவிடுவார்கள். ஏறும்போது ஒரு குற்றம், இறங்கும்போது இன்னொன்று. எந்தச் சொல்லானாலும் மாணவருக்குக் காதில் வேறுவேறாகக் கேட்க வேண்டும். கடத்தல், கடத்துதல் என்று பிரித்தால் யாருக்கும் விளங்காது.

ம.:
நேரமில்லை. 'குடிபெயர்வோர் கடத்தல்', 'ஆள்வணிகம்' என்று போடுகிறேன். நான்கு பேர் சரி என்றிருக்கிறீர்கள், செ. அரைமனதாக. விற்பனை இல்லாமலும் இக்குற்றம் உண்டு என்று அடிக்குறிப்பு சேர்க்கிறேன்.

இ.:
நான்கில் என்னைச் சேர்க்க வேண்டாம். நான் சொன்னது வாணிகம். கடத்துதலும் நிலுவையில் இருக்கிறது.