புதுப்பிப்பு: எம்.எட். கட்டணத்துக்கு வழி பிறந்தது

அமெரிக்காவில் எம்.எட். படிக்க இடம் கிடைத்துவிட்டது, கட்டணத்துக்கு எங்கே போவது என்று ஆறு மாதத்துக்கு முன்பு இங்கே புலம்பியிருந்தேன். முதலில் ஃபாஃப்சாவை (FAFSA), அதாவது அமெரிக்க அரசின் கல்வி நிதியுதவிக்கான விண்ணப்பப் படிவத்தை, நிரப்பச் சொன்னீர்கள். நிரப்பினேன். முதுகலை மாணவர் என்பதால் அப்பாவின் வருமானத்தைக் கேட்கவேயில்லை. அவருடைய வரிக் கணக்கைத் தேடி இரண்டு நாள் அலமாரியைக் குடைந்ததுதான் மிச்சம்.

அடுத்தது டீச் கிராண்ட் (TEACH Grant), ஆசிரியராகப் போகிறவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் உதவித்தொகை. ஆண்டுக்கு 4,000 டாலர் வரை என்றதும் கை பரபரத்தது. நல்லவேளை, ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தேன். ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளியில், ஆசிரியர் பற்றாக்குறையுள்ள பாடத்தை, படிப்பு முடிந்த 8 ஆண்டுகளுக்குள் 4 ஆண்டுகள் கற்பிக்க வேண்டும். தவறினால் வாங்கியது அத்தனையும் கடனாக மாறிவிடும். வட்டியோ பணம் வந்த நாளிலிருந்தே ஓடும். "உதவித்தொகை வேடத்தில் வரும் கடன்" என்று உங்களில் ஒருவர் எச்சரித்தது மிகையல்ல. நான் சிறப்புக் கல்வி ஆசிரியராகப் போகிறேன், அந்தப் பாடத்துக்கு ஆள் தேவை குறையாது என்ற துணிச்சலில் கையெழுத்திட்டேன்.

பெரிய ஆறுதல் துறையிலேயே கிடைத்த உதவியாளர் வேலை. பாதிக் கட்டணம் தள்ளுபடி. இணையதளத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. நேரில் போய்க் கேட்டதால் தெரிந்தது. மீதிக்கு மட்டும் அரசுக் கடன். வகுப்புகள் அடுத்த மாதம் தொடங்குகின்றன.